நைட்ரோ எஞ்சின் கழட்டிப் பூட்டின அனுபவங்கள்: யாழ்ப்பாணத்து ஆக்கள் எழுதுங்கோ

கோண்டாவில்

எனக்குத் தெரிஞ்ச வீடுகளிலை நைட்ரோ கார், அதாவது நைட்ரோமீதேன் கலந்த மெதனோலிலை ஓடுற சின்ன ரிமோட் கார், வந்து சேருறது பெரும்பாலும் ஒரே வழியாலைதான். கனடா, சுவிஸ், பிரான்சிலை இருக்கிற சித்தப்பாவோ மச்சானோ லீவுக்கு வரேக்கை, தான் ஓடி முடிச்சதைப் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டு வருவார். கார் கைக்கு வந்த உடனை பெடியள் கேக்கிறது, "அண்ணை, போட் வெட்டி ஸ்பீட் கூட்டலாமோ?" எண்டதுதான். போட் எண்டது சிலிண்டர் சுவரிலை காத்தும் புகையும் போய் வாற துவாரம்.

நான் எல்லாருக்கும் சொல்லுறது ஒண்டு. முதல் கழட்டிச் சரியாப் பூட்டுங்கோ, வெட்டுறதைப் பிறகு பாப்பம். பெயாரிங், பிஸ்ரன் பிடிப்பு, ஹெட் இடைவெளி (பிஸ்ரன் உச்சிக்கு வரேக்கை ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவிலை இருக்கிற இடம்), இந்த மூண்டும் சரியில்லாத எஞ்சினிலை போட் வெட்டுறது காசைக் கரியாக்கிற வேலை. இந்த எஞ்சினுகளைத் திறந்து வேலை செய்தவை, அதுக்காக ஆரிட்டைப் போனியள், உள்ளுக்கை என்னத்தைக் கண்டியள் எண்டு எழுதுங்கோ. நான் துவங்கிறன்.

சுவிசிலை இருந்து வந்த 1/8 பக்கி ஒண்டு. 21 எஞ்சின், அதாவது 0.21 கன அங்குலம், 3.5 சிசி. பிளைவீலைக் கையாலை சுத்த உள்ளுக்கை கரகரத்தது. பின் மூடியைக் கழட்டி, ஸ்லீவ் (பிஸ்ரன் ஓடுற குழாய்), கொன்றொட், கிராங் எல்லாத்தையும் வெளியிலை எடுத்துப் பாத்தால் பின் பெயாரிங் குண்டுகளிலை மண்ணிறத் துரு. மெதனோல் காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஓடி முடிய மிச்ச எரிபொருளை உள்ளுக்கை விட்டால் அந்த ஈரம் கிராங்கேசின்ரை அடியிலை தங்கும். அது முதல் தின்னுறது பின் பெயாரிங்கைத்தான். ஓடி முடிஞ்ச உடனை டாங்கை வடிச்சு, எஞ்சின் நிக்கும் வரைக்கும் ஓடவிட்டு, காபரேற்றருக்குள்ளை நாலு துளி எண்ணெய் விடுறது ரண்டு நிமிச வேலை. கடல் காத்து அடிக்கிற ஊரிலை அதை விடவே கூடாது.

அந்த எஞ்சினிலை முன் பெயாரிங் 7×19×6. அது சாதாரண 607, கிரைண்டருக்குப் போடுற சைஸ். ஸ்டான்லி வீதியிலை கேட்ட உடனை எடுத்துத் தந்தவை. உள்பக்கத்து ரப்பர் மூடியைக் கழட்டிப்போட்டுப் பூட்ட வேணும், இல்லையெண்டால் எரிபொருளோடை வாற எண்ணெய் குண்டுக்குப் போகாது. பின் பெயாரிங் 14×25.4×6. வெளி விட்டம் சரியா ஒரு அங்குலம். கடைக்கார ஐயா வேனியரை வைச்சுப் பாத்திட்டு, "தம்பி, 25 எண்டு சொல்லி ஆரும் தந்தால் வாங்காதை. அது கேசுக்குள்ளை சுத்தும்" எண்டு மறிச்சுப்போட்டார். விக்கிறதுக்கு அவரிட்டை 25 இருந்தது. எண்டாலும் தரேல்லை. கொழும்பிலை ஆள் வைச்சுத்தான் எடுத்தனான்.

பழசைக் கழட்ட சுத்தியல் தேவையில்லை. கழுவித் துடைச்ச கிராங்கேசை அவணிலை 150 பாகைக்குச் சூடாக்கி, கையுறை போட்டுப் பிடிச்சு, பலகையிலை குப்புறத் தட்டினால் பெயாரிங் தானா விழும். அலுமினியம் உருக்கை விட ஏறக்குறைய ரண்டு மடங்கு விரியும், அதுதான் காரணம். புதுசை பிரீசரிலை வைச்சு எடுத்து, கேஸ் சூடாயிருக்கேக்கையே இறக்கினால் "டொக்" எண்டு போய்க் குந்தும்.

குருநகர்

என்ரை பெரியப்பா அவுட்போட் மோட்டர் திருத்துறவர். ரண்டு ஸ்ரோக்கை அவருக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்ரை 21 எஞ்சின் குளோ பிளக்கைத் தின்னுது, ஒரு டாங்குக்குள்ளை கம்பி முறுகிப்போகுது எண்டு அவரிட்டைக் கொண்டு போனனான். எஞ்சின்ரை சைஸைப் பாத்துச் சிரிப்பார் எண்டு நினைச்சன். சிரிக்கேல்லை. பிளக்கைக் கழட்டி வெயிலிலை பிடிச்சுக் கன நேரம் பாத்தார். நுனியிலை சாம்பல் நிறத்திலை பொட்டுப் பொட்டா இருந்தது.

"இது நேரத்துக்கு முந்தி வெடிக்குது, மோனை" எண்டார்.

இதுக்கு ஸ்பார்க் இல்லை, ஓடத் துவங்கினாப் பிறகு பற்றறியும் இல்லை எண்டு சொன்னன். பிளக்கிலை இருக்கிற பிளாட்டினம் கம்பி மெதனோல் ஆவியோடை சேர்ந்து தானே கனன்று கொண்டிருக்கும், எப்ப வெடிக்கிறது எண்டதை அமுக்கமும் பிளக்கின்ரை சூடும்தான் தீர்மானிக்கும் எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப அமுக்கத்தை அளப்பம்" எண்டு போய் ஈயக் கம்பித் துண்டு எடுத்துக்கொண்டு வந்தார். பிளக் ஓட்டைக்குள்ளாலை கம்பியைச் சிலிண்டர் சுவரைத் தொடுற மாதிரி விட்டு, பிளைவீலை மெதுவா ஒரு சுத்துச் சுத்தி, நசிஞ்ச நுனியை வேனியராலை அளந்தார். 0.3 மில்லிமீற்றர். 25 சதவீத நைட்ரோவுக்கு எங்கடை சூட்டிலை அது காணாது. முதல் ஓடினவர் ஆரோ ஷிம்மை, ஹெட்டுக்குக் கீழை போடுற மெல்லிய வளையத்தை, எடுத்திட்டார் போலை. 0.2 செப்பு ஷிம் ஒண்டு போட்டு 0.5 ஆக்கினது. அதுக்குப் பிறகு பிளக் பிரச்சினை இல்லை, சத்தமும் உருண்டு வந்தது.

பூட்டிக்கொண்டிருக்கேக்கை அவர் சொன்னதையும் எழுத வேணும். 1990களிலை பொருளாதாரத் தடையாலை பெற்றோல் இல்லாத நேரம், எம்டி 90 மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயிலை ஓடினது எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. மண்ணெண்ணெய் லேசிலை தட்டும். அதுக்காகப் பெரியப்பா ஹெட்டுக்குக் கீழை இன்னொரு கஸ்கற் வெட்டி வைச்சு அமுக்கத்தைக் குறைச்சுக் குடுத்தவராம். "அப்ப கஸ்கற், இப்ப ஷிம். வேலை ஒண்டுதான்" எண்டார்.

வண்ணார்பண்ணை

கோண்டாவில் அண்ணை சொன்னது சரி, எண்டாலும் போட் வேலையைப் பற்றியும் ஒருத்தர் எழுத வேணும். கன்னாதிட்டியிலை நகைப்பட்டறை வைச்சிருக்கிற மாமாவிட்டை ஒரு ஸ்லீவைக் கொண்டு போனனான். பித்தளை ஸ்லீவ், உள்ளுக்கை குரோம் பூச்சு. மாமா லூப்பை, நகை பாக்கிற பூதக்கண்ணாடியை, கண்ணிலை வைச்சு, போட் விளிம்பைப் பாத்த உடனை சொன்னார்: "உள்ளுக்கிருந்து வெளிப்பக்கமாத்தான் அராவ வேணும். வெளியிலை இருந்து உள்ளுக்கு இழுத்தால் பூச்சு உரிஞ்சு வரும்." தங்கப் பூச்சிலை வேலை செய்த கை. நைட்ரோ எஞ்சின் எண்டால் என்ன எண்டு அவருக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

வைர முனை போட்ட சின்ன மோட்டராலை, மெதுவா, லூப்புக்குக் கீழை வைச்சு, காத்துப் போற பக்கத்துப் போட்டுகளின்ரை கூர் விளிம்பை மட்டும் மழுக்கித் தந்தார். எக்சோஸ்ட் போட்டைத் தொட நான் விடேல்லை. கணக்குப் பாருங்கோ. 16.4 மில்லிமீற்றர் ஸ்ரோக் உள்ள எஞ்சினிலை எக்சோஸ்டை 0.3 உயர்த்தினால் அது திறந்திருக்கிற கோணம் ஏறக்குறைய 4 பாகை கூடும். மேல் சுத்திலை (எஞ்சின் வேகமாச் சுத்தேக்கை) இழுவை வரும், கீழ் சுத்திலை (மெதுவாச் சுத்தேக்கை) செத்துப்போகும். நாங்கள் ஓடுறது அறுவடை முடிஞ்ச வயலிலையும் தரவையிலையும். நீட்டு ஓட்டம் குறைவு, வளைவுதான் கூட. எங்களுக்குத் தேவை கீழ் சுத்து இழுவை. கூட்டி வெட்டினதைத் திருப்பி ஒட்டேலாது, புது ஸ்லீவும் பிஸ்ரனும் சோடியாத்தான் வாங்க வேணும்.

ரொறன்ரோ

கொண்டு வாற ஆள் நான்தான். எரிபொருள் பிளேனிலை ஏத்தேலாது, கேக்காதேங்கோ. டாங்கையும் எஞ்சினையும் வடிச்சுக் காய வைச்சுத்தான் பெட்டிக்குள்ளை வைக்கிறனான். இஞ்சை குளிருக்கை ஹெட்டை ஹெயார் டிரையராலை சூடாக்காமல் ஸ்ராட் பண்ணினால் புது எஞ்சின் பிடிச்சுக்கொண்டு நிக்கும், கொன்றொட்டும் அடி வாங்கும். ஊரிலை அந்தக் கரைச்சல் குறைவு.

பருத்தித்துறை

காத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நீடில் எண்டது காபரேற்றரிலை எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற ஊசி. சோளகத்துக்கு (தென்மேல் காத்துக்கு) வைச்ச நீடில் வாடைக்குச் சரிவராது. வாடைக் காலத்திலை காலமை காத்துக் குளிர்ந்து அடர்த்தியா இருக்கும், ஒக்சிசன் கூட. அதே நீடிலிலை ஓடினால் எரிபொருள் காணாமல் எஞ்சின் கொதிக்கும். ஹை நீடிலைக் கொஞ்சம் திறக்க வேணும். சித்திரை வெயிலிலை மறுவளம், கொஞ்சம் பூட்டலாம். புகை வருதோ எண்டு பாருங்கோ, ஹெட் 100 முதல் 120 பாகைக்குள்ளை நிக்குதோ எண்டு பாருங்கோ. புகை இல்லாமல் ஓடுற எஞ்சினை அந்த நேரமே நிப்பாட்டுங்கோ.

அடுத்தது கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண். பவுடர் மாதிரித் தூள். எண்ணெய் பூசாத பில்ரருக்குள்ளாலை போய் ஒரு பின்னேரத்திலையே ஸ்லீவைத் தேய்ச்சுப்போடும். ஒவ்வொரு முறையும் ஸ்பொஞ்சைக் கழுவி எண்ணெய் விட்டுப் பிழிஞ்சு போடுங்கோ.

நான் நேரிலை கண்ட ஒண்டு. மணற்காட்டுப் பக்கம் நல்ல மத்தியானம் கார் ஓடிக்கொண்டிருந்தவை. எரிபொருள் நிரப்பேக்கை சிந்திப்போட்டுது. ஒருத்தருக்கும் நெருப்புத் தெரியேல்லை. ஒரு பெடியன் "ரயர் உருகுது" எண்டு கத்தின பிறகுதான் பாத்தம். ரயர் தானா வளையுது, கீழை புல் கருகுது, மேலை காத்து மட்டும் ஆடுது. மெதனோல் நெருப்பு வெயிலிலை கண்ணுக்குத் தெரியாது. நல்ல காலம், அது தண்ணியோடை கலக்கும், வாளித் தண்ணியை ஊத்த அணைஞ்சுது. வாளி இல்லாமல் போகாதேங்கோ. எரிபொருளைச் சோடாப் போத்தலிலை ஒருநாளும் ஊத்தி வைக்காதேங்கோ, அதைக் குடிச்சால் கண்ணும் போகும், உயிரும் போகும். தோலாலையும் உள்ளுக்கை போகும், கையுறை போடுங்கோ.

கோண்டாவில்

உள்பெட்டியிலை ரண்டு பேர் பிஸ்ரன் பிடிப்பைப் பற்றிக் கேட்டிருக்கினம். பிஸ்ரனுக்கு ரிங் இல்லை. ஸ்லீவ் மேலை ஒடுங்கி, கீழை அகண்டிருக்கும். ஓடேக்கை மேல் பக்கம் கூடச் சூடாகி விரிய, அந்த ஒடுக்கம் நிமிர்ந்து சரியா வரும். ஆறின எஞ்சினிலை, ரண்டையும் துடைச்சு, பிஸ்ரனைக் கீழாலை விரலாலை தள்ளிப் பாருங்கோ. மேல் விளிம்புக்கு ஒண்டு ரண்டு மில்லிமீற்றர் முந்தி இறுகி நிண்டால் உயிர் இருக்கு. ஒரு தடையும் இல்லாமல் மேலாலை வெளியிலை வந்தால் முடிஞ்சுது.

அப்பிடி முடிஞ்ச ஒண்டைச் சுன்னாகத்திலை ஒரு லேத் ஐயாவிட்டைக் கொண்டு போய், ஸ்லீவின்ரை மேல் பக்கத்தைச் சுத்தி நெருக்கித் தர ஏலுமோ எண்டு கேட்டனான். பிளந்த வளையம் ஒண்டு கடைஞ்சு, அதுக்குள்ளை ஸ்லீவை வைச்சு, மயிரிழை மயிரிழையா இறுக்கினார். ஒவ்வொரு இறுக்குக்கும் பிஸ்ரனை எடுத்து விட்டுப் பாப்பார். நான் அவசரப்பட, "பூச்சு வெடிச்சால் உனக்குக் குப்பை, எனக்கு வெக்கம்" எண்டவர். பிடிப்புத் திரும்பி வந்தது, எஞ்சினும் லேசா ஸ்ராட் ஆனது. எண்டாலும் இது கொஞ்ச காலத்துக்குத்தான். குரோம் தேய்ஞ்சு பித்தளை தெரியிற ஸ்லீவுக்கு இந்த வைத்தியம் செய்யாதேங்கோ.

திருப்பிப் பூட்டினதையும் புது எஞ்சின் எண்டே நினைச்சு, நீடிலைத் திறந்து, சூடாக்கி ஆறவிட்டு, சூடாக்கி ஆறவிட்டு ஓட வேணும். ஆறவிடேக்கை பிஸ்ரன் கீழை நிக்க வேணும். பிளைவீலிலை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கோ.

கொக்குவில்

எரிபொருளுக்குள்ளை ஆமணக்கெண்ணெயும் கலந்திருக்கு எண்டு வாசிச்சன். எங்கடை அம்மம்மா புகை மணத்தை வைச்சே "ஆர் விளக்கெண்ணெய் காய்ச்சுறது?" எண்டு கேட்டுக்கொண்டு முத்தத்துக்கு வந்திட்டா. பாமசியிலை விக்கிறதை மேலதிகமாச் சேர்க்கலாமோ?

கோண்டாவில்

சேர்க்காதை, தம்பி. எஞ்சினுக்குப் பாவிக்கிற ஆமணக்கெண்ணெய் பசை நீக்கினது. அதிலையே கூடினால் பிஸ்ரன் பக்கவாட்டிலை மண்ணிறப் படை பிடிக்கும், மருந்துக் கடை எண்ணெய் அதை விடக் கெதியாப் பிடிக்கும். போத்தலிலை எண்ணெய் எத்தினை சதவீதம் எண்டு போட்டிருக்கும், முதல் அதைப் பார். உன்ரை எஞ்சின் கூடச் சூடாகுதெண்டு பயந்தால் ஹை நீடிலைக் கொஞ்சம் திற. பிளக்கைக் கழட்டி ஒரு படம் எடுத்துப் போடு, குருநகரார் பெரியப்பாவிட்டைக் காட்டிச் சொல்லுவார்.