அப்பா அம்மாவுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம்: ஏழு நாளில் மூன்று நாடு சரிவருமா?

குலசேகரம் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, அம்மாவுக்கு 58. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும், அந்தச் சமயத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வெளிநாடு காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்த்து ஏழு நாள் என்கிறார்கள். ஒரே செலவில் மூன்று நாடு நல்லதுதானே என்று தோன்றுகிறது, ஆனால் அப்பாவுக்கு முட்டுவலி, அம்மாவுக்கு ஒரு நேரமாவது சோறும் மீன்கறியும் வேண்டும். இன்னொன்று, அப்பா பத்தாம் வகுப்பு முடிக்காததால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்று, இருக்கிறது. ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்களா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்மம் ஜங்ஷன்:
தம்பி, அந்தப் பேக்கேஜை எடுக்காதே. நான் மாமனார் மாமியாரை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். நாலாவது நாள் காலை ஐந்து மணிக்கு ஹோட்டல் வாசலில் மாமி பெட்டி மேல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார், கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. நாடு மாறுகிற நாளெல்லாம் ஏர்போர்ட்டிலும் பஸ்ஸிலும் வரிசையிலுமே போய்விடுகிறது.

மலேசியா மட்டும் போ. 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், டிக்கெட் போடும் முன் அது இன்னும் உண்டா என்று ஒரு தடவை பார்த்துவிடு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டையை ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். நான் தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் நிரப்பி, நாலு பேருக்கும் காசு கட்டி ஏமாந்தேன். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு நிரப்பு.

தங்குவதற்குக் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எடு. கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் நடக்கும் தூரம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, அம்மாவுக்கு மீன்கறிக்குப் பஞ்சமில்லை. காலையில் நாசி லெமாக் வாங்கிக் கொடு, தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பல், மேலே பொரித்த நெத்திலி, நம்ம ஊர் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும். அப்பாவுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா வேண்டுமென்றால் ‘தே ஓ’ என்று கேள், சீனி வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. வெறும் ‘தே’ என்றால் டின்பால் ஊற்றித் தருவார்கள்.

பத்துமலைக்கு கொமுட்டர் ரயில் உண்டு, ஸ்டேஷன் கோவிலுக்குப் பக்கத்திலேயே. மேலே 272 படி, முட்டுவலிக்காரரை ஏற்றாதே. முருகன் சிலை கீழேதான் நிற்கிறது, 140 அடி, நம்ம திருவள்ளுவர் சிலையை விட ஏழு அடி கூடுதல். படியில் குரங்கு இருக்கிறது, கையில் கவர் இருந்தால் பிடுங்கிவிடும். தைப்பூசத்தை ஒட்டிப் போகாதே, அந்தக் கூட்டத்தில் பெரியவர்களோடு நிற்க முடியாது.

உன் அப்பா பால் வெட்டுகிறவர் என்பதால் இதைச் சொல்கிறேன். ஈப்போவைத் தாண்டி கோலகங்சார் என்று ஒரு ஊர், இ.டி.எஸ். என்ற வேக ரயில் நிற்கும். 1877-ல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டம் வழியாக இந்தப் பக்கம் வந்த கதைதான் அது. இரட்டைக் கோபுரத்தை விட அவருக்கு அதுதான் பெரிசாக இருக்கும்.

குளச்சல் அக்கா:
ஈ.சி.ஆருக்குப் பயப்பட வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு அது. மலேசியா அந்தக் கட்டுப்பாடு உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால் கவுண்டரில் ஒரு கேள்வி கேட்கலாம், திரும்பி வரும் டிக்கெட்டையும் ஹோட்டல் புக்கிங்கையும் பிரிண்ட் எடுத்து அப்பா கையிலேயே கொடுத்து வை. 50 வயது தாண்டினவர்கள் ஈ.சி.என்.ஆருக்கு, அதாவது அந்தக் கட்டுப்பாடு இல்லாத பாஸ்போர்ட்டுக்கு, தகுதியானவர்கள், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடு. அப்பா வேண்டாம் என்பார், விடாதே, இமிக்ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியாது.

திருவட்டாறு வாசி:
நான் இலங்கை என்பேன். பக்கம், செலவும் குறைவு, யாழ்ப்பாணத்தில் மொழிப் பிரச்சினையே இல்லை. நல்லூர் கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், நம்ம ஆதிகேசவப் பெருமாள் கோவில் போலவே. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ மட்டும் எடுக்கக் கூடாது, அதை அங்கே பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். பௌர்ணமி அங்கே விடுமுறை, இறைச்சிக் கடை திறக்காது.

குலசேகரம் பையன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அந்த மர விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதில இப்பமும் பால் வருமா?” என்று கேட்டார். அதனால் மலேசியாதான், ஆறு நாள். இலங்கை அடுத்த தடவை. அம்மா தேங்காயெண்ணெய், கொப்பரை எல்லாம் எடுத்து வைக்கிறார், தாலிச்செயினும் ஆறு வளையலும் போடுவேன் என்கிறார். சரியா?

குளச்சல் அக்கா:
கொப்பரை வேண்டாம். எண்ணெய் கசியும், தீப்பற்றும் என்று விமானப் பெட்டியில் அதைத் தடுத்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் மூடியை டேப் ஒட்டி வை. வளையலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல். போட்டே தீருவேன் என்றால் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் காட்டிச் சான்று வாங்கிக்கொள், இல்லாவிட்டால் திரும்பும்போது எங்கே வாங்கினது என்று கேட்டு நிறுத்துவார்கள்.

இப்போதெல்லாம் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது, அப்போது பகலில் மலாய்க் கடைகள் பல அடைத்திருக்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாடு கிடைக்கும். அப்புறம், பத்மநாபசாமி கோவில் பங்குனி ஆராட்டு அன்றைக்கு ஊர்வலம் ரன்வே வழியாகப் போவதால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் சாயங்காலம் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு விமானம் ஓடாது. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடு. சர்வதேச டெர்மினல் சாக்கைப் பக்கம், டிரைவரிடம் முன்னாலேயே சொல்லிவிடு, சங்குமுகம் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடப் போகிறார்.