இடி மழையில் விடிய விடிய கரண்ட் இல்லை. ஆனால் மீன்கள் செத்தது கரண்ட் வந்த பிறகு. ஏன்?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் இருக்கேன். ஹாலில் நாலடித் தொட்டி, 4 × 1.5 × 1.5 அடி. சுமார் 230 லிட்டர் தண்ணி நிக்கும். எட்டு கோல்டு ஃபிஷ், எல்லாம் நாலு அங்குலம் வளர்ந்தது. கூட ஒரு சக்கர், கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசி திங்கிற மீன். கீழே கேபினட்டுக்குள் கேனிஸ்டர் ஃபில்டர், மேலே ஒரு சாதா ஏர் பம்பு. போர் தண்ணிதான்.

போன வாரம் ராத்திரி பத்து மணி வாக்கில் இடி மின்னலோட மழை பிடிச்சுது. எங்க தெருவில் மரம் சாய்ஞ்சு லைன் அறுந்து போச்சு. கரண்ட் வரும்போது காலை ஏழு மணி. விடியக்காலையில் டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு, ஆனா ஒண்ணுகூட சாகலை. கரண்ட் வந்ததும் ஃபில்டரும் பம்பும் தானா ஓட ஆரம்பிச்சுது. அப்பாடான்னு வேலைக்குக் கிளம்பிட்டேன். பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து போன்: தண்ணி கலங்கிப் போயிருக்கு, ஒரு மாதிரி வாடை அடிக்குது, மூணு மீன் மல்லாந்திருச்சுன்னு. சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணும் போயிருச்சு.

ராத்திரி முழுக்க காத்தே இல்லாம தாக்குப் பிடிச்ச மீன், எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் ஏன் சாகணும்? மின்னல் இறங்கி தொட்டித் தண்ணியில கரண்ட் பாஞ்சிருக்குமா?

அடுத்தது, இனிமே இப்படி ஆகாம இருக்க என்ன வாங்கி வைக்கலாம்? வாடகை வீடு, இன்வெர்ட்டர் இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு மேல இப்போ முடியாது. ஐப்பசி மழை வேற வரப்போகுது.

கப்பிப்பிரியன்

ஆக்ஸிஜன் பத்தாமதான் ப்ரோ. கோல்டு ஃபிஷ் நிறைய காத்து கேக்கும். இன்வெர்ட்டர் போட்டா முடிஞ்சுது.

தொட்டிக்காரர்

ஆக்ஸிஜன் குறைஞ்சது உண்மைதான். ஆனா அதுதான் காரணம்னா விடியறதுக்குள்ள செத்திருக்கும். இங்கே பம்பு ஓட ஆரம்பிச்சு நாலு மணி நேரம் கழிச்சு இல்ல செத்திருக்கு?

தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க. கலங்கல் எந்த நிறம், வெள்ளையா, கருப்பா? வாடை அழுகின முட்டை மாதிரியா? அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கா? ஃபில்டரைக் கடைசியா எப்போ கழுவினீங்கன்னும் சொல்லுங்க.

பதில் போடறதுக்கு முன்னாடி பாதித் தண்ணியை மாத்திருங்க. மிச்ச மீனுக்குத் தீனி வேண்டாம்.

காவிரிக்கரை

நன்றி அண்ணா. பாதித் தண்ணி மாத்திட்டேன். கருப்புத் துகள் துகளா தண்ணி முழுக்க மிதந்துச்சு. வாடை நீங்க சொன்னதேதான். கிட் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வாங்கிப் பார்த்தேன், தண்ணி மாத்தின பிறகும் அம்மோனியா 1-க்கு மேல காட்டுது. பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) 8. ஃபில்டரைக் கழுவி ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும், தண்ணி கண்ணாடி மாதிரி இருந்ததால தொடலை.

தொட்டிக்காரர்

அப்போ சந்தேகமே வேண்டாம். உங்க மீனைக் கொன்னது கேனிஸ்டர்.

கேனிஸ்டர்னா மூடி போட்டு இறுக்கின டப்பா. உள்ளே ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா குடியிருக்கு. மீன் விடற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்தறது அதுதான். அந்த வேலைக்கு அதுக்கும் ஆக்ஸிஜன் வேணும். தண்ணி ஓடற வரைக்கும் ஆக்ஸிஜன் வந்துக்கிட்டே இருக்கும். கரண்ட் போன நிமிஷமே ஓட்டம் நின்னுடுது, டப்பாவுக்குள்ள இருக்கிற கொஞ்ச ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துடும். அதுக்கப்புறம் நல்ல பாக்டீரியா வேலையை நிறுத்திடும், கொஞ்சம் செத்தும் போகலாம். ரெண்டு மாச மலமும் தீனி மிச்சமும் சேர்ந்த சகதியில, ஆக்ஸிஜன் இல்லாம வாழற வேற பாக்டீரியா கிளம்பும். அது விடறதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீங்க சொன்ன முட்டை வாடை. ஒன்பது மணி நேரம் இப்படிப் புழுங்கின தண்ணியை, காலையில கரண்ட் வந்ததும் மோட்டார் ஒரே தள்ளா தொட்டிக்குள்ள கொட்டிடுச்சு. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டு இருந்த மீனுக்கு அதைத் தாங்க முடியலை.

இன்னொண்ணும் சேர்ந்திருக்கலாம். ராத்திரி பூரா காத்தோட்டம் இல்லாததால தண்ணியில கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, பிஹெச் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிஹெச் குறைவா இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியமா இருக்கும். பம்பு ஓடினதும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி பிஹெச் பழையபடி 8-க்கு ஏறும். அப்போ அந்த அம்மோனியத்துல ஒரு பங்கு விஷ அம்மோனியாவா மாறும், தண்ணி சூடா இருந்தா இன்னும் கூடுதலா. கடையிலேர்ந்து வெகுதூரம் பாலித்தீன் பையில வந்த மீனை, பையைத் திறந்து அதே தண்ணியில ஏர் ஸ்டோன் போடாதீங்கன்னு பழைய ஆளுங்க சொல்றது இதனாலதான்.

இனிமே பழக்கமா வெச்சுக்கோங்க: கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் தாண்டினா கேனிஸ்டர் ப்ளக்கைப் பிடுங்கிடணும். வால்வை மூடி, டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கிற தண்ணியைச் சாக்கடையில ஊத்திடுங்க. ஸ்பாஞ்சையும் ரிங்கையும் வலைப்பையோட எடுத்து, ஒரு அகலத் தட்டுல தொட்டித் தண்ணி கொஞ்சம் விட்டு ஈரமா, காத்து படற மாதிரி வெச்சாலே பாக்டீரியா பிழைச்சுக்கும். கரண்ட் வந்த பிறகு தொட்டித் தண்ணியிலேயே அலசி மாட்டுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில அலசினா மிச்சம் இருக்கிறதும் போயிடும்.

இப்போதைக்கு ஒரு வாரம் தினமும் கால் பங்கு தண்ணி மாத்துங்க. தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் கொஞ்சமா. ஃபில்டர் மறுபடி பழகற வரைக்கும் அம்மோனியா ஏறத்தான் செய்யும்.

கப்பிப்பிரியன்

இது எனக்கே புதுசு. என்கிட்ட தொட்டி விளிம்புல மாட்டற ஹேங் ஆன் ஃபில்டர்தான் இருக்கு, அதுக்கும் இப்படித்தானா?

தொட்டிக்காரர்

அது மேலே திறந்து இருக்கிறதால அவ்வளவு மோசம் ஆகாது. ஆனா தண்ணிமட்டம் இறங்கியிருந்தா கரண்ட் வரும்போது தண்ணி இழுக்காம வெறுமனே சுத்தும், மோட்டார் கருகிடும். கரண்ட் வந்ததும் போய் ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க.

வயர்மேன்66

மின்னல் கேள்விக்கு நான் சொல்றேன், தொழில் அதுதான்.

தொட்டித் தண்ணியில மின்னல் பாயலை. பாஞ்சிருந்தா மீன் அப்பவே போயிருக்கும், உங்க பம்பும் கருகியிருக்கும். மின்னல் லைன்ல பட்டாலோ பக்கத்துல இறங்கினாலோ கம்பி வழியா வீட்டுக்குள்ள வர்ற சர்ஜ், அதாவது திடீர் வோல்டேஜ் பாய்ச்சல்தான் ஆபத்து. இடி தூரத்துல உறும ஆரம்பிக்கும்போதே ஃபில்டர், லைட்டு எல்லாத்தையும் ப்ளக்கோட பிடுங்கிடுங்க. சுவிட்ச்சை மட்டும் அணைச்சா போதாது, சர்ஜுக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. கடையில விக்கிற ஸ்பைக் கார்டு சின்ன சின்ன ஏற்ற இறக்கத்துக்கு உதவும், பக்கத்துல விழற இடிக்கு நிக்காது. அதுவும் எர்த் சரியா இல்லாத வீட்டுல வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

இடி தலைக்கு மேல வந்த பிறகு ப்ளக்கையும் தொடாதீங்க, தொட்டிக்குள்ள கையும் விடாதீங்க. அப்போ மீனைப் பத்தி யோசிக்க வேண்டாம்.

கரண்ட் திரும்பி வர்றதும் ஒரு ஆபத்து. அறுந்த லைனை இழுத்துக் கட்டி விடும்போது முதல் சில நிமிஷம் வோல்டேஜ் நிலையா இருக்காது. நியூட்ரல் சரியா சேராம இருந்தா 230 வர வேண்டிய இடத்துல 400 பக்கம் போயிடும். ஒரு பல்பை மட்டும் போட்டு விட்டு, பத்து நிமிஷம் ஒரே வெளிச்சமா எரியுதான்னு பாருங்க. கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிஞ்சா மெயினை அணைச்சிட்டு ஆள் கூப்பிடுங்க.

அந்தக் கேபினட்டைத் திறந்து வயரையும் பாருங்க. பெரும்பாலான வீட்டுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கும், தொட்டியிலிருந்து வர்ற வயர் நேரா அதுக்குள்ள இறங்கும். சொட்டுச் சொட்டா தண்ணி வயரைப் பிடிச்சு வந்தா நேரா ப்ளக்குக்குள்ளதான் போகும். பாக்ஸைச் சுவத்துல உயரமா அடிச்சு, வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறி ப்ளக்குக்குப் போகட்டும். தண்ணி அந்த வளைவோட அடியிலேயே சொட்டிடும். வீட்டுக்காரர்கிட்ட பேசி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டிருக்கான்னு கேளுங்க. இது உங்க உயிருக்கு.

ஊட்டி ஏஞ்சல்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இங்கே எங்களுக்குக் குளிர்தான் பயம். கரண்ட் போனா ஹீட்டர் நின்னுடுது. போர்வை சுத்தலாமா?

தொட்டிக்காரர்

தாராளமா. மூணு பக்கமும் போர்வையோ தெர்மகோலோ வைங்க, மேல்பக்கத்தை மட்டும் முழுசா மூடாதீங்க. பெரிய தொட்டி மெதுவாத்தான் குளிரும், ஒரு ராத்திரிக்குப் பதற வேண்டாம். கொதி தண்ணியை நேரா ஊத்தாதீங்க, சுடுதண்ணி பாட்டிலை மூடி மிதக்க விடுங்க. தண்ணி மாத்தும்போது ஹீட்டர் வெளியே தெரிஞ்சு, அந்த நேரம் கரண்ட் வந்தா ஹீட்டரோட கண்ணாடி வெடிக்கும். அதனால அதோட ப்ளக்கையும் பிடுங்கியே வைக்கணும்.

சமவெளியில கதை நேர்மாறு. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரைதான். கோடை மழைக்கு முன்னாடி புழுக்கத்துல தொட்டி கொதிச்சுக் கிடக்கும், அப்போதான் கரண்டும் போகும்.

டெல்டாக்காரன்

பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் கரையைக் கடந்தப்போ எங்க பக்கம் கம்பமெல்லாம் வரிசையா படுத்துருச்சு. வாரக்கணக்குல கரண்ட் கிடையாது. அந்த மாதிரி நேரத்துக்கு எந்தப் பம்பும் எந்தப் பேட்டரியும் காணாது. தண்ணியோட மேல்பரப்புதான் கை கொடுத்துச்சு.

அகலமா, ஆழம் கம்மியா இருக்கிற சிமெண்ட் தொட்டி, பெரிய பிளாஸ்டிக் டப்பு எது கிடைச்சாலும் மீனைப் பிரிச்சு விடுங்க. உங்க நாலடித் தொட்டியில மேல்பரப்பு ஆறு சதுர அடிதான், எட்டு பெரிய கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஓட்டமில்லாம அது பத்தாது. ரெண்டு டப்பு கூடச் சேர்த்தா பெரிய வித்தியாசம். தீனி சுத்தமா நிறுத்திடுங்க, நல்லா இருக்கிற மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. முடிஞ்சப்போ மக்குல மொண்டு ஒரு முழம் உயரத்துலேர்ந்து ஊத்துங்க. பொடுசுங்ககிட்ட அந்த வேலையைக் குடுத்தா சந்தோஷமா செய்வாங்க. செடி நிறைய வெச்சிருக்கிறவங்க ராத்திரியில கவனமா இருங்க, வெளிச்சம் இல்லாதப்போ செடியும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. நாலு மீனும் சக்கரும் நல்லா இருக்கு. இப்போ மூவாயிரத்துக்கு என்ன வாங்கறதுன்னு சொல்லுங்க.

தொட்டிக்காரர்

கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறி, போனதும் தானா ஓடற ஏசி/டிசி ஏர் பம்பு ஒண்ணு. அதோட ரெண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்புக் காத்துலயே ஸ்பாஞ்ச் வழியா தண்ணியை இழுக்கிறது. இது போதும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, உங்க காசுக்குள்ள முடியும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கரண்ட் போகும்போது எடுத்துப் போடறதுல பிரயோஜனம் இல்லை. இன்னைக்கே தொட்டியில போட்டு எப்பவும் ஓட விடுங்க. ஒரு மாசத்துல அதுலயும் பாக்டீரியா பிடிச்சுடும். அப்புறம் எப்போ கரண்ட் போனாலும் அதே பேட்டரிப் பம்பு காத்தும் கொடுக்கும், அம்மோனியாவையும் பார்த்துக்கும். கேனிஸ்டரை நிம்மதியா திறந்து போட்டுடலாம்.

பம்பைத் தண்ணிமட்டத்துக்கு மேலே வைங்க, டியூப்ல தண்ணி திரும்பி வராம தடுக்கிற செக் வால்வு ஒண்ணும் மாட்டுங்க. இல்லேன்னா பம்பு நிக்கும்போது தொட்டித் தண்ணி டியூப் வழியா திரும்பி வந்து பம்பையும் தரையையும் நனைச்சிடும்.

பிற்பாடு இன்வெர்ட்டர் வாங்கினா ப்யூர் சைன் வேவ் வாங்குங்க. சதுர அலை வர்றதுல ஃபில்டர் மோட்டார் கிர்ருன்னு சத்தம் போட்டுச் சூடாகும். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரின்னா கணக்குக்கு 1800 வாட்-அவர். 25 வாட் தொட்டிக்கு மூணு நாள்னு தோணும். இன்வெர்ட்டர் தனக்கே பத்து இருபது வாட் சாப்பிடும், பேட்டரியையும் அடிவரை வடிக்கக் கூடாது, ஒரு நாள்னு வெச்சுக்கோங்க. ரெண்டு ஃபேனும் அதுலயே ஓடினா விடியறதுக்குள்ள காலி.

காவிரிக்கரை

வாங்கிட்டேன் அண்ணா. நேத்து சாயங்காலம் நல்ல இடி. வயர்மேன் சார் சொன்ன மாதிரி முன்னாடியே பிடுங்கிட்டேன், பேட்டரிப் பம்பு தானா ஓடுச்சு, ஸ்பாஞ்ச் ரெண்டும் குமிழ் விட்டுச்சு. மூணு மணி நேரத்துல கரண்ட் வந்துருச்சு, மீன் மேலேயே வரலை.

ஒரே ஒரு சந்தேகம். கூடுதலா ஒரு குட்டி யூஎஸ்பி பம்பு வாங்கி பவர் பேங்க்ல மாட்டினேன். அரை நிமிஷம் ஓடி நின்னுடுது. பவர் பேங்க் ஃபுல் சார்ஜ்தான், போனுக்கு நல்லா ஏறுது.

வயர்மேன்66

பவர் பேங்க் கெட்டுப் போகலை. இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மியா இருந்தா, போன் சார்ஜ் முடிஞ்சுதுன்னு நினைச்சு அது தானா அணைஞ்சிடும். குட்டிப் பம்பு இழுக்கிறது அதுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு போர்ட்ல ஒரு யூஎஸ்பி எல்இடி பல்பை மாட்டி விடுங்க, ரெண்டும் சேர்ந்தா பெரும்பாலும் நிக்காம ஓடும். சில பவர் பேங்க்ல பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா குறைந்த கரண்டுக்குன்னு தனி மோடு வரும், அதையும் அமுக்கிப் பாருங்க.