பார்த்துவிட்டுப் போகிறவர்களைத் திரும்ப வரவழைப்பது எப்படி?

காஞ்சிபுரத்தில் சிறிய பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கைத்தறியில் உடலையும் கரையையும் கோத்து நெய்த கோர்வைப் புடவைகள். தை முகூர்த்தங்களிலிருந்தே விற்பனை மந்தம். ஆள் வராமல் இல்லை. மெத்தை நிறையப் புடவைகளை விரிக்கச் சொல்லி, செல்போனில் படமெடுத்துக்கொண்டு, "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று கிளம்புகிறார்கள். அதோடு சரி.

தள்ளுபடி தந்தேன், இன்னும் குறைக்கச் சொன்னார்கள். தூய பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டைக் காட்டினேன். புடவையைத் திருப்பி, உடலும் கரையும், குறுக்கு நூலை ஓட்டும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்த இடத்தைக் காட்டினால் கண்கள் விரிகின்றன. விலையைச் சொன்னதும் விசைத்தறிப் புடவையோடு ஒப்பிடுகிறார்கள். காபி கொடுத்தும் பார்த்தாயிற்று. காபியை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினால் பதில் இல்லை.

வாங்காமல் எழுந்திருப்பவரிடம், தொல்லையாகத் தோன்றாமல், அந்த நேரத்தில் என்ன பேசினால் திரும்பி வருவார்?