லாஃபீட் (பிரான்ஸ்ல போர்தோ பக்கத்து விலை உசந்த சிவப்பு வைன்) பாட்டிலை நேர்ல பாத்தவங்க, வாங்கி வச்சவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க

கவுலூன்காரன்:
2010 கடைசில நான் ஹாங்காங்ல இருந்தேன். அப்ப அங்க லாஃபீட் மோகம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும்ல, 2008ல வைன் வரியை எடுத்ததுலேர்ந்து ஏலக் கம்பெனிங்க எல்லாம் அங்க வந்து உக்காந்தாச்சு, அந்த அக்டோபர் ஏலத்துல 1869 லாஃபீட் மூணு பாட்டில், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 18 லட்சம் ஹாங்காங் டாலர். அதே மாசம்தான் 2008ல விளைஞ்ச வைன் பாட்டில் மேல சிவப்பா சீன எழுத்துல எட்டு போட்டு வரும்னு அறிவிச்சாங்க, சீனாக்காரங்களுக்கு எட்டு ராசி எண்ணாச்சே, விலை எகிறிடுச்சு. அபூர்வமான சரக்கு, விலை ஏறத்தானே செய்யும்.

ஆனா என் மனசை விட்டுப் போகாதது ஒரு பிசினஸ் விருந்து. சாப்பாடு முடிஞ்சதும் விருந்து குடுத்தவர் சர்வரைக் கூப்ட்டு காலி லாஃபீட் பாட்டிலை உடைக்கச் சொன்னார். அவன் துணில சுத்தி ஒரே அடி. வெளில காலி பாட்டிலுக்கே விலை, வேற எதையாவது ஊத்தி கார்க் போட்டு வித்துடுவாங்க, அதுக்குத்தான். துணியைப் பிரிச்சு கொட்டறப்போ லேபிள் கிழிஞ்சு கண்ணாடித் துண்டுல ஒட்டிட்டு இருந்துச்சு. யாருமே திரும்பிப் பாக்கல.

குரொய்டன் ராஜி:
அண்ணா, போலிப் போத்தலை விட மோசம் இல்லாத போத்தல். என்ர மச்சானுக்கு ஒரு புரோக்கர் கொம்பனி போன் எடுத்து, லாஃபீட் ஒரு கேஸ் (போத்தல் பெட்டி), அஞ்சு வருசத்தில ரெட்டிப்பாகும் எண்டு காசு வாங்கினவை. பிறகு நானும் அவரும் சேர்ந்து வேர்ஹவுசுக்கு அடிச்சுக் கேட்டம். அந்தப் பிள்ளை ரெண்டு தரம் தட்டிப் பாத்திட்டு, "இந்தப் பேரில எங்களிட்ட ஒண்டும் இல்லை" எண்டுது. மச்சான் போனை காதில வச்சபடியே இருந்தவர்.

வாங்கிறதெண்டா இங்க இங்கிலாந்தில பாண்டட் வேர்ஹவுசில, அதாவது வரி கட்டாமலே வைனை வச்சிருக்கிற கிடங்கில, உங்கட சொந்தப் பேரில கணக்குத் திறவுங்கோ, புரோக்கரின்ர பேரில வேண்டாம். பாண்டுக்குள்ள இருக்கும் வரைக்கும் டியூட்டி, வாட் ரெண்டும் இல்லை, வெளியில எடுத்தா கட்டவேணும், அதோட அடுத்து வாங்கிற ஆள் அது இவ்வளவு காலமும் எங்க கிடந்தது எண்டு கேப்பார், வீட்டு அலுமாரியில வச்ச கேசுக்கு விலை குறைவு. மரப்பெட்டி ஒரிஜினலா, திறக்காததா எண்டு பாருங்கோ. ஆன் பிரிமேர் எண்டு பீப்பாயில கிடக்கேக்கயே விக்கிறதை வாங்கினா போத்தல் வர ரெண்டு வருசம் செல்லும், அதுக்குள்ள வித்தவன் கடையை மூடினா காசு போச்சு. லாஃபீட் இருக்கிற அதே ஊர்த் தோட்டம் லத்தூர் 2012ல அந்த முறையை விட்டே விலகினது. விலையை லிவ்-எக்ஸ் எண்ட லண்டன் வைன் சந்தையில பாருங்கோ, போனில சொல்லுற விலையை நம்பாதேங்கோ. 2011 நடுப்பகுதியில லாஃபீட் விழத் தொடங்கேக்க உச்சத்தில வாங்கின ஆக்கள் வருசக் கணக்கா காத்திருந்தவை. வேர்ஹவுஸ் வாடகையும் இன்சூரன்சும் வருசா வருசம் போகும், அதையும் கணக்கில போடுங்கோ.

போர்தோ வேலு:
கவுலூன் அண்ணே, அபூர்வம்னு சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். பிரான்ஸ்லயே பர்கண்டில ரோமானே கோந்தின்னு பேர்போன வைன் தோட்டமே 2 ஹெக்டேர் வராது. லாஃபீட் 100 ஹெக்டேருக்கு மேல, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கேஸ் வருது. அதனாலதான் எப்ப விக்கணும்னாலும் வாங்க ஆள் கிடைக்குது, முதலீட்டுக்காரங்க இங்க வர்றதே அதுக்குத்தான். போர்தோ வைனுக்கான 1855 தரவரிசைல முதல் வரிசை, 1868லேர்ந்து தோட்டம் ஒரே ரோத்ஷீல்ட் குடும்பத்து கையில, இதெல்லாம் அதுக்கு மேல.

நான் லாஃபீட் இருக்கற பொய்யாக் ஊர்ல அவங்க வட்ட நிலவறைக்குள்ள போயிருக்கேன், ரிக்கார்டோ போஃபில்ங்கற ஸ்பெயின் கட்டடக் கலைஞர் 1987ல கட்டினது, 2,200 பீப்பாய் வட்டம் வட்டமா நிக்கும். ஒரு ஊழியர் கண்ணாடிக் குழாயால கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, வாயில வச்சுப் பாத்து துப்பிட்டு, பீப்பாய் வாயைத் துணியால துடைச்சு மூடினார். எங்க குரூப்ல ஒருத்தர், இது பத்து வருஷத்துல எவ்ளோ போகும்னு கேட்டார். அவர் யோசிக்கவே இல்ல, "அப்பவும் குடிக்கறதுக்கு கொஞ்சம் சீக்கிரம்தான்"னுட்டு அடுத்த பீப்பாய்க்கு போயிட்டார். கேட்டவர் முகத்தை இப்பவும் மறக்க முடியல.

சிங்கப்பூர் கோபி:
வேலு கதைல அந்த ஊழியர் சொன்னதுதான் என் கட்சியும், வைன் குடிக்கறதுக்குத்தான். எங்க பழைய பாஸ் 1996 ஒண்ணைத் திறந்தார், டம்ளரை மூக்குகிட்ட கொண்டு போனதும் பென்சில் சீவின வாசனை, அப்புறம் தேவதாரு. அதை வித்திருந்தா நல்ல காசு வந்திருக்கும், ஆனா மனுஷன் திறந்துட்டார், அந்த ஒரு வாய்க்காக இன்னிக்கும் அவரை நினைச்சுக்கறேன். சும்மா வச்சிருந்தா என்ன ஆகும்னு 1787 லாஃபீட் கதை இருக்கே, 1985ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சனோடதுன்னு சொல்லி 105,000 பவுண்டுக்கு போனது, ஃபோர்ப்ஸ் குடும்பம் வாங்கி காட்சிக்கு வச்சாங்க, விளக்கு சூட்டுல கார்க் காஞ்சு பாட்டிலுக்குள்ளயே விழுந்துடுச்சு. அது ஜெஃபர்சனோடதுதானான்னே அப்புறம் பெரிய வழக்கு விவகாரம் எல்லாம் கிளம்புச்சு.

ராஜி அக்கா, மச்சானுக்கு காசு ஏதாவது திரும்பி வந்துச்சா? போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களா?