ஈரநிலத்தில் மீன் குளம் வெட்டினால் காசு யார் வீட்டில் சேருகிறது?

நாணல்:

ஈரநிலத்தை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு மீன் வளர்ப்பு என்ன செய்கிறது என்று ஒரு குறிப்பு தயார் செய்துகொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நெல்லைவிட மீன் குளத்தில் பல மடங்கு வருமானம் என்று ஒருவர் எழுதுகிறார், குளம் வந்த பிறகு ஊரில் பாதிப் பேர் பிழைப்புத் தேடி வெளியே போய்விட்டார்கள் என்று இன்னொருவர் எழுதுகிறார், இரண்டு பேர் காட்டும் கணக்கும் சரியாகவே இருக்கிறது!

மீன் வளர்ப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2022-ல் உலக அளவில் வளர்த்து எடுத்த மீன், இறால் வகையறாக்களின் அளவு பிடித்து வந்த அளவை முதல்முறையாகத் தாண்டிவிட்டது, இனி இது நிற்கப்போவதில்லை. ஆனால் திட்ட அறிக்கைகளில் எல்லாம் ஹெக்டேருக்கு இத்தனை டன், இத்தனை லாபம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. சொந்த நிலம் இல்லாமல், தண்ணீர் பரந்து கிடக்கும் காலத்தில் வலை போட்டும் நத்தை பொறுக்கியும் கோரை அறுத்தும் காலம் தள்ளுகிற வீட்டுக்கு என்ன ஆகிறது? அதைத் தெரிந்துகொள்ள எதைப் பார்க்க வேண்டும்?


கரைவலை:

கொல்லேறு ஏரியின் கதையை முதலில் படியுங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு நடுவே இருக்கும் நன்னீர் ஏரி. புடமேறு, தம்மிலேறு போன்ற ஆறுகள் வந்து விழும், உப்புடேறு வழியாகக் கடலுக்கு வடியும், மழைக்கு விரியும், கோடையில் சுருங்கும். 1970-களில் உள்ளூர் மீனவர்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏரிக்குள் மீன் குளங்களுக்கு வழிசெய்தது அரசுதான். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குளம் வெட்டினால் மட்டும் போதுமா, குஞ்சு, தீவனம், உரம், கரை வேலை, காவல் என்று வருஷம் முழுக்கப் பணம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அது சங்க உறுப்பினர்களிடம் இல்லை, வெளியே இருந்தவர்களிடம் இருந்தது. குளங்கள் குத்தகைக்குப் போயின. காகிதத்தில் உரிமையாளராக இருந்தவர் தன் குளத்துக் கரையிலேயே கூலியாள் ஆனார்.

குளம் பெருகப் பெருகக் கரைகளும் பெருகின. தண்ணீர் வடிய வழியில்லாமல் மேல்பக்கத்து வயல்கள் மூழ்கின. 1999-ல் சரணாலயம், 2002-ல் ராம்சார் தலம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்), அப்புறம் 2006-ல் சரணாலயத்துக்குள் இருந்த குளங்களின் கரைகளை உடைக்கும் நடவடிக்கை. உடைத்தபோது யாருக்கு வலித்தது என்று யோசித்துப் பாருங்கள். முதல் போட்டவர் அதை எடுத்துக்கொண்டு சரணாலய எல்லைக்கு வெளியே இன்னொரு குளம் வெட்டலாம். குத்தகைப் பங்கையும் கரைக் கூலியையும் நம்பியிருந்த வீட்டுக்கு அந்த வழி ஏது? திறந்த தண்ணீரில் வலை போடும் இடம் குளம் வந்தபோது போனது, குளத்துக் கூலி குளம் போனபோது போனது.

அதனால் பட்டா யார் பெயரில் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அறுவடை அன்று லாரியில் ஏறும் மீனுக்கான பணம் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள்.


தவிட்டுமூட்டை:

மேலே சொன்னது நடந்ததுதான். ஆனால் கொல்லேறுவை வைத்து எல்லா மீன் குளத்தையும் எடைபோடுவது நியாயமில்லை, கெண்டை வளர்ப்பில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். மியான்மரின் ஐராவதி டெல்டாவில் செய்த ஆய்வில் ஒரே அளவு நிலத்தில் நெல்லைவிட மீன் குளம் அதிக வருமானம் தந்தது, அதோடு சுற்றியிருந்த மற்ற வீடுகளுக்கும் கூலியாகவும் வியாபாரமாகவும் அதிகம் போய்ச் சேர்ந்தது, அதிலும் சின்னப் பண்ணைகளால் கிடைத்த பயன் பெரிய பண்ணைகளைவிடக் கூடுதல். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நெல்லில் நடவுக்கும் அறுப்புக்கும்தான் ஆள், இப்போது அதற்கும் மிஷின் வந்துவிட்டது. குளத்தில் தீவனம் போட, இழுவலை இழுக்க, கரை கட்ட, ஐஸ் போட்டுப் பெட்டி அடைக்க என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, மீன் வளர்ப்பு ஈரநிலத்தை அழிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கிழக்கு கொல்கத்தா ஈரநிலம் சுமார் 12,500 ஹெக்டேர், நகரத்துக் கழிவுநீரை ஆழமில்லாத பேரிகளில் (அங்கே மீன் குளத்துக்கு அதுதான் பெயர்) வெயில்பட விட்டால் பாசி வளர்கிறது, அதைத் தின்று மீன் வளர்கிறது, மீதித் தண்ணீர் காய்கறிக்கும் நெல்லுக்கும் போகிறது. அங்கே ஈரநிலத்துக்கு எமன் ரியல் எஸ்டேட். மீன் குளம் இருப்பதால்தான் அந்த இடம் இன்னும் தண்ணீராக இருக்கிறது.

சரி, சின்ன வீடு எங்கே மாட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அறிக்கைகளில் இது வராது. செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும். தீவனத்தைக் கடனுக்குத் தருகிற வியாபாரியே பல இடங்களில் மீனையும் எடுப்பார், அப்போது விலை அவர் வைத்ததுதான். வலையில் விழும் மீன் அன்றாடக் காசு, கொஞ்சமானாலும் கடன் ஒட்டாத காசு. குளத்து மீன் எட்டு, பத்து மாதம் காக்க வைத்து மொத்தமாக வரும், அதில் முதல் பங்கு கடனுக்கு. நடுவில் இரண்டு நாள் மேகம் மூடி, விடியற்காலையில் ஆக்ஸிஜன் இறங்கி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தால் ஏரேட்டரோ (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) பம்ப்போ இல்லாதவர் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். பத்துக் குளம் வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் அது நட்டக் கணக்கில் ஒரு வரி. ஒரே குளம் வைத்திருப்பவர் நிலத்தை விற்க வேண்டி வரும். நல்ல வருஷத்து லாபத்தைக் கேட்காமல், மீன் செத்த வருஷத்தை அந்த வீடு எப்படித் தாண்டியது என்று கேளுங்கள்.


அயிரை:

ரெண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள், சோற்றுத் தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லையே. பங்களாதேஷ் இதற்கு நல்ல உதாரணம், குளத்து மீன் பெருகிய நாடு. 1991-க்கும் 2010-க்கும் இடையில் மக்கள் சாப்பிட்ட மீனின் அளவு சுமார் 30 சதவீதம் கூடியது. ஆனால் மீன் வழியாக உடம்புக்குப் போன இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தன. ஏனென்றால் வயலிலும் வாய்க்காலிலும் பிடித்த சின்ன மீன்களின் இடத்தில் குளத்தில் வளர்த்த பெரிய மீன் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்ன மீனைத் தலை, முள், கண்ணோடு தின்கிறோம், சத்து அங்கேதான் இருக்கிறது. பெரிய மீனில் சதையைத் தின்றுவிட்டு முள்ளை ஒதுக்கிவிடுகிறோம்.

இதில் குளத்துக்காரர்களின் பங்கும் உண்டு, தவிட்டுமூட்டை கோபித்துக்கொள்ள வேண்டாம். கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைகளின் குஞ்சு விடுவதற்கு முன்னால் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு இருக்கிற மீனை எல்லாம் கொல்வதுதான் பாடப்புத்தக முறை. விரால், கெளுத்தி மாதிரி குஞ்சைத் தின்னும் மீனைக் கொல்வதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் விரல் நீளம்கூட இல்லாத மீன்களும் 'களைமீன்' என்ற பெயரில் சேர்ந்தே சாகின்றன. மோலா என்ற சின்ன மீனை, வைட்டமின் ஏ நிறைந்தது, கெண்டைகளோடு சேர்த்தே வளர்க்கலாம், கெண்டை விளைச்சல் அதனால் பெரிதாக அடிபடவில்லை என்று பங்களாதேஷில் செய்து காட்டியிருக்கிறார்கள். இந்தச் சின்ன மீன்களின் சத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான் சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெரிய மீன் சந்தைக்கு, சின்ன மீன் வீட்டுக்கு. வியாபாரி எடுக்காத மீன் என்பதால் அது சமையலறை வரை வந்து சேரும், பெண்கள் கையிலும் நிற்கும்.


உப்பங்கழி:

நன்னீர்க் குளத்தையும் உப்புநீர் இறால் குளத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், நாணல் குழம்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். கெண்டைக் குளத்தை மூடிவிட்டு மறுபடி நெல் போடலாம். உப்புநீரை வருஷக்கணக்கில் தேக்கிய நிலம் அப்படித் திரும்பாது, பக்கத்து வயலுக்கும் உப்பு இறங்கும், குடிநீர்க் குளமும் கெடும், மாட்டுக்குப் புல் இருக்காது. பக்கத்து வயல்காரர் விளைச்சல் போய் வேறு வழியில்லாமல் தன் நிலத்தையும் இறால்காரருக்கே குத்தகைக்குக் கொடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் "விவசாயிகள் தாங்களாகவே மாறிவிட்டார்கள்" என்று தோன்றும். தென்மேற்கு பங்களாதேஷில் 22-ம் எண் போல்டரில் (சுற்றிலும் கரை கட்டிக் காத்த தாழ்நிலம்) இதை எதிர்த்து நின்ற கருணாமயி சர்தார் 1990 நவம்பரில் கொல்லப்பட்டார், அந்தப் போல்டர் மக்கள் இறாலை உள்ளே விடவில்லை. ஒடிசாவின் சிலிகா உப்புநீர் ஏரியில் 1991-ல் வந்த குத்தகைக் கொள்கை மீனவர் அல்லாதவர்களுக்கும் ஏரியில் இடம் தந்தது, மோதல் முற்றி 1999-ல் சோரானாவில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

உப்பும் நெல்லும் சேர்ந்தே வாழ்ந்த இடமும் உண்டு. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் உப்பு கழுவிப்போனதும் நெல், அறுத்த பிறகு நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓதத்தோடு வரும் இறாலை மதகில் வலை கட்டிப் பிடிப்பது. அழுகும் நெல் தாள் இறாலுக்குத் தீனி, இறால் கழிவு நெல்லுக்கு உரம். தீவனச் செலவும் இல்லை. ஆனால் இறாலில் காசு கூடியதும் நெல்லுக்காகத் தண்ணீரை வடிக்க வேண்டிய நேரத்தில் வடிக்காமல் இழுத்தடிக்கும் சண்டை அங்கேயும் வந்துவிட்டது. 'ஒரு நெல், ஒரு மீன்' என்று அரசு கொள்கை வைத்திருந்தும் மதகுப் பலகையை எப்போது தூக்குவது என்பதில்தான் தகராறு. நெல் போடாவிட்டால் களை எடுக்கும், அறுக்கும் பெண்களுக்கு வேலை கிடையாது, இது எந்த மீன் உற்பத்திப் புள்ளிவிவரத்திலும் வராது.


நாணல்:

எல்லோருக்கும் நன்றி. உப்புநீர், நன்னீர் பிரிவினையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்போல. ஒரு கேள்வி பாக்கி. குளம் ஏற்கெனவே வந்துவிட்ட இடத்தில், நிலமில்லாத வீடு எதை இழந்தது என்று எப்படிக் கேட்பது? "உங்கள் வருமானம் கூடியதா?" என்றால் கூடியது என்றே பலர் சொல்கிறார்கள்.


கரைவலை:

கூடியிருக்கும், பொய் சொல்லமாட்டார்கள். முன்பு கோரையும் மீனும் விறகும் தீவனப் புல்லும் காசு கொடுக்காமல் வந்தன, இப்போது கூலி வாங்கி அவற்றைக் கடையில் வாங்குகிறார்கள். காசு மட்டும் கணக்கில் வந்தால் ஏறுமுகமாகத்தான் தெரியும். அதனால் வருமானத்தோடு, முன்பு வாங்காமல் இப்போது வாங்குகிற பொருள் என்னென்ன என்று ஒரு கேள்வி போடுங்கள். வலை போட முன்பு எவ்வளவு தூரம் நடந்தார்கள், இப்போது எவ்வளவு தூரம், நடுவில் வேலியும் காவலாளியும் வந்தார்களா என்பதையும்.


அயிரை:

மாதவாரியாகக் கேளுங்கள். வருஷக் கணக்கில் கேட்டால் கூலி இல்லாத மாதங்கள் மறைந்துவிடும், ஈரநிலம் அந்த வீட்டைத் தாங்கியதே அந்த மாதங்களில்தான். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் குளத்துக் கூலியைச் சொல்வார், நத்தை பொறுக்கியதும் கூடையில் சின்ன மீன் அரித்ததும் அவர் கணக்கில் வேலையாகவே இருக்காது.