9 வார நாய்க்குட்டிக்கு நிமோனியா, மருந்து மாற்றியும் கேட்கவில்லை

பாலக்கோட்டுக்காரன்:
ஓசூர் பக்கம் குட்டி விற்கிறவர் ஒருவரிடம் லேப்ரடார் நாய்க்குட்டி வாங்கி வந்து 12 நாள் ஆகிறது. நாலாம் நாளே தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி இருமல். மருந்துக்கடையில் அமாக்ஸிசிலின் சிரப் கொடுத்தார்கள், மூன்று நாள் ஊற்றினோம், தேவலையாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். அப்புறம் காய்ச்சலோடு திரும்ப வந்தது. டாக்டர் நிமோனியா என்று செபலெக்சின் எழுதிக் கொடுத்து இன்றோடு 5 நாள், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. இன்னும் வீரியமான ஊசி போடச் சொல்லலாமா? பிள்ளைகள் அழுகிறார்கள்.

காவேரிப்பட்டணம் வளர்ப்பு:
வீரியம் என்கிற கணக்கு இங்கே சரிவராது தம்பி, எந்தக் கிருமி என்பதுதான் கேள்வி. பல குட்டிகள் ஒரே கொட்டகையில் அடைந்து கிடந்த இடத்திலிருந்து வந்ததென்றால் எனக்கு முதல் சந்தேகம் போர்டெடெல்லா என்கிற பாக்டீரியா மேல்தான். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்களில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும், செபலெக்சின் வகை மருந்துகளை இயல்பிலேயே தாங்கும், அமாக்ஸிசிலினுக்கும் பல நேரம் மசியாது. மைக்கோப்ளாஸ்மா என்கிற இன்னொரு கிருமி என்றாலும் இதே கதை. இந்த மருந்துகள் கிருமியின் செல்சுவரைத்தான் தாக்கும், மைக்கோப்ளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. அதாவது 8 நாள் மருந்து ஊற்றியும் கிருமிமேல் படாமலே போயிருக்கலாம். இந்த இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் கேட்கும், டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தர்மபுரி கால்நடை:
அவர் சொன்னது சரி, ஆனால் ஊகத்தில் மூன்றாவது மருந்துக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்கிற பாக்டீரியாக்களும் குட்டி நுரையீரலில் வரும், அவை பல மருந்துகளுக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டவை, எது கேட்கும் என்று பார்வையில் சொல்லவே முடியாது. மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினால்தான் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். என்ரோஃப்ளாக்சசின் ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள், வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும், வேறு வழியே இல்லாதபோது டாக்டர் முடிவு செய்வது அது. கண்ணில் பீளை, உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது இருந்தால் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த வைரஸ் வழிவிட்டும் குட்டிகளுக்கு பாக்டீரியா உள்ளே போவதுண்டு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 40-க்கு மேல் ஏறினாலோ ஈறு நீலமானாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
இப்போது எண்ணினேன், 52. வண்டி சொல்லிவிட்டேன், சேலம் வழியாகக் கிளம்புகிறோம். எத்தனை நாள் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்? வழியில் சிரிஞ்சில் பால் ஊற்றலாமா?

தர்மபுரி கால்நடை:
வேண்டாம், ஒரு சொட்டுகூட. மூச்சு வாங்குகிற குட்டிக்கு வாயில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும், அதுவே இன்னொரு நிமோனியா. நெஞ்சு அழுந்தாமல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், போனதும் ஆக்சிஜன் வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். நாள் கணக்கு அப்புறம். முன்பெல்லாம் 4 முதல் 6 வாரம் எழுதுவார்கள், 2017-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் 10 முதல் 14 நாளில் மறுபடி பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. அந்த மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள், இருமல் நின்றுவிட்டது என்று இந்தத் தடவை நீங்களாக நிறுத்தாதீர்கள்.