முன்பதிவா, அச்சாரமா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

சிட்னி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயார் செய்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஞாயிறன்று தமிழ் வகுப்பு வாசலில் கொடுக்கப் போகிறார்கள். மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, ப்ரீ-ஆர்டர். கேம் வெளிவரப் பல மாதம் இருக்கும்போதே கடையில் பத்தோ இருபதோ டாலர் கட்டிப் பெயர் கொடுத்து வைக்கிறார்களே, அது. ‘முன்பதிவு’ என்று எழுதிவிட்டேன், ஆனால் உறுத்துகிறது. ரயிலில் முன்பதிவு செய்தால் எஸ்-4, 32 என்று ஒரு பலகை நம்முடையதாகிவிடும். இங்கே அப்படி எதுவும் ஆவதில்லை. 2012 மே 14 அன்று இங்கே ஆஸ்திரேலியாவில் ‘கேம்’ கடைத்தொடர் நிர்வாகிகள் (கடனில் மூழ்கிய நிறுவனத்தைச் சட்டப்படி பொறுப்பேற்கும் வெளியாட்கள்) கைக்குப் போனது. டியாப்லோ 3 கேமின் வெளியீடு மறுநாள். பணம் கட்டி, காலையில் போய் வாங்கக் காத்திருந்த பிள்ளைகளிடம் இருந்தது ஒரு ரசீது மட்டும்தான். 2016 ஜனவரியில் டிக் ஸ்மித் மின்னணுக் கடைத்தொடர் விழுந்தபோது இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்கள்: பரிசு அட்டை செல்லாது, கட்டிய முன்தொகை திரும்பி வராது, நீங்கள் எல்லாரும் இனி ‘அன்செக்யூர்டு கிரெடிட்டர்’, அதாவது ஈடு எதுவும் வாங்காமல் கடன் கொடுத்தவர்.

இரண்டாவது சிக்கல் அந்தச் சொல்தான். மூன்றாவது, கேம் உறையில் இருக்கும் எம், எம்.ஏ. 15+, ஆர் 18+ என்ற வயது வகைப்பாட்டுக் குறிகளும், ‘வகைப்பாடு மறுக்கப்பட்டது’ என்ற நிலையும். யாராவது உதவுங்கள்.

வொல்லங்காங் வாத்தியார்:

அச்சாரம் என்ற நல்ல சொல் இருக்கும்போது ஏன் தடுமாறுகிறீர்கள்? கல்யாணத்துக்கு மேளக்காரரிடம், சமையல்காரரிடம், மாடு பிடிக்கும்போது தரகரிடம் கொடுப்பது அச்சாரம்தான். பொருள் இன்னும் கைக்கு வரவில்லை, பேச்சு முடிந்துவிட்டது, பேச்சுக்கு அடையாளமாகக் கொஞ்சம் பணம் கைமாறுகிறது. ப்ரீ-ஆர்டரும் இதுவேதான்.

சொல்லின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். கொங்குக் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்ற காசு வருகிறது. அச்சுக் குத்திய காசு. அந்த அச்சைக் கையில் வைப்பது அச்சாரம். தூய தமிழ்.

கன்பெரா:

வாத்தியார் ஐயா, காசு இருந்தது உண்மை. அதிலிருந்து அச்சாரம் வந்தது என்பது உங்கள் ஆசை. பழைய வடிவம் அச்சகாரம். கன்னடத்தில் சஞ்சகார என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வடமொழி சத்யங்கார பிராகிருதம் வழியாகத் தேய்ந்து வந்தது என்றுதான் தோன்றுகிறது. ‘இது சத்தியம்’ என்று சொல்லிக் கொடுக்கும் பணம். பொருள் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! தூய்மை போனால் போகட்டும்.

வொல்லங்காங் வாத்தியார்:

சகரம் எங்கே விழுந்தது என்று காட்டிவிட்டுப் பேசலாம்.

கன்பெரா:

சமணர் அமணர் ஆனபோது விழுந்த அதே இடத்தில்.

டான்டெனாங் அக்கா:

தம்பிமாரே, வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறாரே, பார்த்தீர்களா?

இலங்கையில் எங்கள் பக்கம் இதை ‘முற்பதிவு’ என்றுதான் எழுதுவோம், பணத்தை ‘முற்பணம்’ என்போம். ஓடர் என்பதற்கு ‘கட்டளை’ இருக்கிறது. மணியார்டர் எங்களுக்குக் காசுக்கட்டளை. அப்படிப் பார்த்தால் முற்கட்டளை என்றும் போகலாம், ஆனால் கடைக்காரனுக்கு யார் கட்டளை போடுவது? காசைக் கொடுத்துவிட்டு நாங்கள்தான் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறோம்.

கன்பெரா:

அக்கா, முற்பதிவுதான் இலக்கணப்படி சரி. னகரத்துக்குப் பின் வல்லினம் வந்தால் றகரமாகும். முற்பகல், முற்பிறவி, முற்போக்கு.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் முன்பனிக்காலம்? முன்கோபம்? முன்கை?

கன்பெரா:

முன்கை இடத்தைக் குறிப்பது, அது வேறு. முன்பனி… அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

(எழுதினார். பதினொரு பத்தி. ‘முன்’ பெயரா இடைச்சொல்லா என்பதில் தொடங்கி, பின்பனி ஏன் பிற்பனி ஆகவில்லை என்பதில் நின்றது. அதை இங்கே மறுபடி ஒட்டவில்லை. — மட்டுறுத்துநர்)

பிரிஸ்பேன், கேம் ஆடுகிறவன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் உண்மையில் ப்ரீ-ஆர்டர் போட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

அச்சாரம் பொருந்தாது, ஐயா. இப்போது இணையத்தில் முழு விலையையும் முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் ஒரு காசும் கட்டாமல் பெயர் மட்டும் போடலாம். அச்சாரம் என்றால் பகுதிப் பணம். மூன்றுக்கும் சேர்த்துச் சொல்ல முன்பதிவுதான் உதவும். என் வயதுக்காரர்கள் ‘ப்ரீ-ஆர்டர் போட்டாச்சு’ என்றுதான் சொல்கிறோம். அச்சாரம் என்றால் ஊறுகாயா என்று கேட்பார்கள்.

ஒரு கதை. எங்கள் பேட்டையில் சின்னக் கடை ஒன்று இருந்தது. ஒரு கலெக்டர்ஸ் எடிஷனுக்கு நாற்பது டாலர் கட்டினேன். வெளியீட்டன்று போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, கண்ணாடியில் ஒரு ஏ4 தாள். செலோடேப் ஒரு மூலையில் விட்டுப்போய்த் தாள் மடங்கியிருந்தது, நிமிர்த்திப் பிடித்துப் படித்தேன். உள்ளே அலமாரியில் அதே கேமின் அட்டை உருவம், வாளை ஓங்கிக்கொண்டு. என்னிடம் இருந்த ரசீதில் ‘டெபாசிட்’ என்று போட்டிருந்தது. டெபாசிட் என்றால் வங்கியில் போட்டதுபோல எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கடை வாடகைக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:

தம்பி, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், உங்கள் அளவுக்குச் சொல்ல வரவில்லை. பணம் தனியாக எடுத்து வைக்கப்படுவதில்லை, கடையின் கல்லாவில் கலந்துவிடுகிறது. அப்படியானால் ‘வைப்பு’, ‘முன்வைப்பு’ இரண்டையும் அடித்துவிடுகிறேன். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்ற நினைப்பை அந்தச் சொற்களே கொடுக்கின்றன.

சரி, கிரெடிட்டர்?

டான்டெனாங் அக்கா:

கணக்கியல் பாடத்தில் நாங்கள் படித்தது கடன்கொடுத்தோர், கடன்பட்டோர். குழப்பமே இல்லை. கடனாளி, கடன்காரன் என்று போட்டால் யார் கொடுத்தார் யார் வாங்கினார் என்று தலை சுற்றும்.

வொல்லங்காங் வாத்தியார்:

கடன்பட்டார் நெஞ்சம் கலங்கும் என்பார்கள். கடை விழுந்தால் கலங்குவது கடன்கொடுத்தார் நெஞ்சம். ‘ஈடற்ற கடன்கொடுத்தோர்’ என்று போடுங்கள்.

பிரிஸ்பேன்:

ஈடற்ற என்றால் ஈடு இணையற்ற என்று ஆகாதா? நாற்பது டாலர் போனதற்கு இப்படி ஒரு பட்டமா!

கன்பெரா:

‘பிணையில்லாக் கடன்கொடுத்தோர்’. கூடவே ஒரு வரி: வங்கியும் ஊழியர்களும் போக மிச்சம் இருந்தால்தான் இவர்களுக்கு.

கடை நிர்வாகிகள் கைக்குப் போவதை மட்டும் திவால் என்று எழுதாதீர்கள். அது திவாலுக்கு முந்திய கட்டம், பிழைக்கவும் வாய்ப்பு உண்டு.

டான்டெனாங் அக்கா:

எங்களுக்கு வங்குரோத்து. ஒல்லாந்தன் (டச்சுக்காரன்) விட்டுப்போன சொல்.

வொல்லங்காங் வாத்தியார்:

எங்கள் ஊரில் மஞ்சள் கடுதாசி.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:

துண்டறிக்கையையே மஞ்சள் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். இந்தச் சொல் வேண்டாம்.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த இயந்திர வரைவில் எம் குறியை (ஆங்கிலத்தில் ‘மெச்சூர்’) ‘முதியோர்’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்தால் எந்தத் தாயும் தாத்தாவுக்குப் பல்லாங்குழி என்று நினைத்து வாங்கிவிடுவாள். எம் என்பது 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது என்ற பரிந்துரைதான், சட்டத் தடை இல்லை. எம்.ஏ. 15+ சட்டம்: 15 வயது ஆகாத பிள்ளை பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் வாங்க முடியாது. இரண்டையும் ‘முதிர்ச்சி’ என்று மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடே காணாமல் போகும்.

டான்டெனாங் அக்கா:

எழுத்தை மொழிபெயர்க்க வேண்டாம். உறையில் இருப்பது அந்த எழுத்துத்தானே? எம்: ‘அறிவுரை’. எம்.ஏ. 15+: ‘துணையுடன் மட்டும்’. ஆர் 18+: ‘வயது வந்தோர் மட்டும்’.

பிரிஸ்பேன்:

இதற்கு என் முழு ஆதரவு. ஆர் 18+ கேம்களுக்கு வந்ததே 2013 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் எம்.ஏ. 15+ தான் உச்சம், அதைத் தாண்டிய கேம் இந்நாட்டில் விற்கவே முடியாது. பிறகும் மறுப்பு நிற்கவில்லை. அதே 2013 ஜூனில் செயின்ட்ஸ் ரோ 4 மறுக்கப்பட்டது. மாற்றிய பதிப்பு எம்.ஏ. 15+ வாங்கி வெளிவந்தது.

மறுக்கப்பட்டால் ‘தடை’ என்று எழுதலாமா? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

கன்பெரா:

கூடாது. வகைப்பாட்டு வாரியம் தடை போடுவதில்லை, வகை தர மறுக்கிறது. வகை இல்லாததை விற்கவோ வாடகைக்கு விடவோ சட்டம் விடாது. விளைவு ஒன்றுதான், ஆனால் வழி வேறு. டிஸ்கோ எலீசியத்தின் இறுதிப் பதிப்பை 2021 மார்ச்சில் மறுத்தார்கள், மேல்மறுபார்வையில் மே மாதம் ஆர் 18+ கொடுத்தார்கள். ‘வகை மறுப்பு’ என்று போடுங்கள். ‘தணிக்கை’யும் வேண்டாம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தணிக்கை என்றால் ஆடிட்டர் வருவார்.

பிரிஸ்பேன்:

கலைச்சொல்காரர்களுக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 2008-இல் ஃபால்அவுட் 3 வகை மறுப்பு வாங்கியது, உண்மையான போதைப்பொருளின் பெயர் இருந்ததால். மார்ஃபின் என்பதை ‘மெட்-எக்ஸ்’ என்று மாற்றினார்கள், எம்.ஏ. 15+ கிடைத்தது. ஊசி அதே ஊசி. ஒரு பெயர் மாற்றம்!

வொல்லங்காங் வாத்தியார்:

பெயருக்கு அவ்வளவு வலு உண்டு என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களே. அச்சாரத்துக்கும் அதே வாதம்தான்.

டான்டெனாங் அக்கா:

வாத்தியாருக்குச் சோர்வே வராது போல.

சிட்னி மொழிபெயர்ப்பாளர்:

புதன் இரவு பத்தே முக்கால். முடிவு இது. தலைப்பில் ‘முன்பதிவு’. அடுத்த வரியில்: ‘ப்ரீ-ஆர்டர் என்று கடையில் சொல்வது. நீங்கள் கட்டும் பணம் கடைக்குக் கொடுத்த கடன். கடை மூடினால் பெரும்பாலும் திரும்பாது.’ பிறகு ‘பிணையில்லாக் கடன்கொடுத்தோர்’, ‘வகை மறுப்பு’. எம் குறிகளுக்கு அக்கா சொன்னபடி. நால்வர் சரி என்றீர்கள், ஒருவர் இல்லை என்றார்.

லூட் பாக்ஸ் பற்றியும் எழுதச் சொல்லியிருந்தார்கள். 2024 செப்டம்பர் 22 முதல், காசு கொடுத்துக் குலுக்கலில் எடுக்கும் பெட்டி உள்ள புதிய கேமுக்குக் குறைந்தது எம், சூதாட்டப் பாவனை இருந்தால் ஆர் 18+. ‘கொள்ளைப் பெட்டி’ என்று எழுதிவிட்டு வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதை இந்த வாரம் யாரும் எடுக்காதீர்கள்.

வொல்லங்காங் வாத்தியார்:

அந்த ஒருவர் நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. அச்சகத்தில் ‘அச்சாரம்’ என்று அடைப்புக்குள்ளாவது போட இடம் இருக்குமா?

கன்பெரா:

முற்பதிவு. ற்.